நெல்மணி பால் பிடிக்கும்போது கால்சியம் நொதிகள் என்ன செய்கின்றன?

தண்டையார்பேட்டையில் இருந்து எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கும் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். பொன்னேரி பக்கம் அவருடைய தாய்மாமாவுக்கு நெல் வயல் இருக்கிறது. கதிர் வந்ததும் அங்கே மாதிரி எடுத்து, மணி முற்ற முற்ற அதிலுள்ள சிடிபிகே என்ற நொதி எப்படி மாறுகிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆய்வுத் திட்டம். ‘நொதி கூடக் கூட மணி நன்றாக நிரம்பும்’ என்று கருதுகோள் எழுதலாமா என்கிறார். கூடவே இரண்டு கேள்விகள்: மொட்டைமாடித் தொட்டிகளில் அம்மா போடும் முட்டை ஓட்டுத் தூள் இந்த நொதியைத் தூண்டுமா? ஆடிக் கூழுக்கு வாங்கும் கேழ்வரகில் கால்சியம் அதிகம் என்கிறார்களே, அப்படியானால் அதில் இந்த நொதிகளின் வேலையும் அதிகமா?

கருதுகோளை அப்படி எழுத வேண்டாம், தங்கை. இந்த நொதிகள் கூடினால் மணி நிரம்பிய சான்றும் இருக்கிறது, கூடியதாலேயே மணி கெட்டுப்போன சான்றும் இருக்கிறது. எந்த நாளில், மணியின் எந்தத் திசுவில், இந்த நொதிக் குடும்பத்தின் எந்த உறுப்பு என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும். கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

செல்லின் சைட்டோசாலில், அதாவது உள்ளே நிரம்பியிருக்கும் நீர்மத்தில், கால்சியம் அயனி வழக்கமாக 100 நானோமோலார் அளவில்தான் இருக்கும். அதே செல்லின் வாக்குவோல் என்ற சேமிப்புப் பைக்குள்ளும், செல்சுவரை ஒட்டிய வெளிப்பகுதியிலும் மில்லிமோலார் அளவு. ஏறக்குறைய 10,000 மடங்கு வித்தியாசம். ஆற்றலைச் செலவழித்து, பம்புகளை ஓட்டித்தான் செல் இதைக் காப்பாற்றுகிறது. காரணம், உள்ளே கால்சியம் ஏறினால் பாஸ்பேட்டோடு சேர்ந்து படிந்துவிடும். பாஸ்பேட் இல்லாமல் செல்லில் எதுவும் ஓடாது. இந்தக் கட்டுப்பாட்டையே தாவரம் செய்தி அனுப்பவும் பயன்படுத்திக்கொண்டது. குளிர், உப்பு, தொடுதல், ஹார்மோன் என்று ஏதாவது வந்து சேர்ந்தால் சவ்விலுள்ள வாயில்கள் திறக்கும். கால்சியம் சில வினாடிகளோ நிமிடங்களோ ஏறும், பிறகு வெளியேற்றப்படும். 1991இல் ஜெல்லிமீனின் ஒளிரும் புரதமான ஈக்குவோரினைப் புகையிலைச் செடிக்குள் வைத்துப் பார்த்தார்கள். செடியைத் தொட்டாலும் குளிரவைத்தாலும் அடுத்த கணமே வெளிச்சம் தெரிந்தது.

ஏறுவது ஒரே கால்சியம்தான். அப்படியானால் விதைக்கு ஒரு வேலையும் இலைக்கு வேறு வேலையும் எப்படிப் போய்ச் சேருகிறது? ஆலைச் சங்கு ஒன்றுதான்; அதைக் கேட்டு ஒரு ஷிப்ட் உள்ளே போகும், இன்னொரு ஷிப்ட் வெளியே வரும். பெரம்பூரில் பின்னி மில் ஓடிய காலத்துப் பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். செல்லிலும் சங்கைக் கேட்கும் புரதங்கள் எவை, அந்த நேரத்தில் அவை எங்கே நிற்கின்றன என்பதுதான் விஷயம்.

கேட்பவற்றில் முக்கியமானவை சிடிபிகேக்கள், அதாவது கால்சியம் சார்ந்த புரதக் கைனேஸ்கள். ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறில் இருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் செரின் அல்லது திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஏற்றுவது இவற்றின் தொழில். விலங்குகளில் இந்த மாதிரி வேலைக்கு இரண்டு புரதங்கள் வேண்டும்: கால்சியத்தைப் பிடிக்கும் கால்மோடுலின் ஒன்று, அது வந்து தொட்டால் விழிக்கும் கைனேஸ் இன்னொன்று. தாவரத்தில் இரண்டும் ஒரே சங்கிலியில் ஒட்டியே பிறக்கின்றன. 1987இல் சோயாமொச்சையில் இருந்து இந்த நொதியைப் பிரித்து, இதற்குத் தனியாகக் கால்மோடுலின் தேவையில்லை என்று காட்டினார்கள். 1991இல் மரபணுவைப் படித்தபோது, புரதத்தின் வால்பகுதியில் கால்மோடுலின் போன்ற ஒரு துண்டும் அதில் கால்சியத்தைப் பிடிக்கும் நான்கு ஈஎஃப் கைகளும் இருப்பது தெரிந்தது. கைனேஸ் பகுதிக்கும் வாலுக்கும் நடுவில் ஒரு சிறு தடுப்புத் துண்டு இருக்கிறது. கால்சியம் இல்லாதபோது அது கைனேஸின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். கால்சியம் வந்து கைகளில் உட்கார்ந்ததும் புரதம் உருவம் மாறும், அடைப்பு விலகும்.

சிடிபிகே மனிதரில் இல்லை, ஈஸ்டில் இல்லை. ஆனால் மலேரியா ஒட்டுண்ணியில் இருக்கிறது. அதனாலேயே மலேரியா மருந்து தேடுபவர்கள் இதைக் குறிவைக்கிறார்கள். மனிதரில் இல்லாத நொதியைத் தாக்கினால் நோயாளிக்குச் சேதம் குறையும் என்ற கணக்கு. மலேரியாவோடு நெடுநாள் போராடிய வட சென்னையில் இருந்து கேட்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்லத் தோன்றியது.

நெல்லில் சிடிபிகே மரபணுக்கள் சுமார் 30 இருக்கின்றன. ஆய்வகங்களில் அதிகம் பயன்படும் அராபிடாப்சிஸ் செடியில் 34. எல்லாமும் ஒரே அளவு கால்சியத்துக்கு விழிப்பதில்லை. சோயாமொச்சையின் மூன்று சிடிபிகேக்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, அவற்றின் கால்சியம் உணர்திறன் வெகுவாக வேறுபட்டது. தலைப்பகுதியும் ஒவ்வொன்றிலும் வேறு. சிலவற்றின் தலையில் மிரிஸ்டேட், பால்மிட்டேட் என்ற கொழுப்பு அமிலங்கள் ஒட்டிக்கொண்டு புரதத்தைச் சவ்வில் கட்டிப்போடும். நெல்லின் சிடிபிகே-2 அப்படித்தான் சவ்வுக்குப் போகிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு மணிக்குள் போவோம். உங்கள் ஆய்வு அங்கேதான்.

பூத்த நெல்லில் கரு உண்டான பிறகு, கருவூண் திசு முதலில் சுவர் இல்லாத பல உட்கருக்களாகப் பெருகி, சில நாட்களில் செல்களாகப் பிரியும். அப்புறம்தான் மாவுச்சத்து சேரும். மணியை நசுக்கினால் பால் வரும் பருவம் அது. இலையில் செய்த சர்க்கரை சுக்ரோஸாகத் தண்டு வழியே வந்து இறங்குகிறது. அதை மாவுச்சத்தாக மாற்ற முதலில் உடைக்க வேண்டும். உடைப்பது சுக்ரோஸ் சிந்தேஸ் என்ற நொதி. பெயரில் ‘ஆக்குவது’ என்று இருந்தாலும் மணிக்குள் இதன் வேலை பெரும்பாலும் உடைப்பதே.

வளரும் நெல் விதையில் மட்டும் தலைகாட்டும் ஒரு சிடிபிகேயை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1993இல் கண்டார்கள். எஸ்பிகே என்று பெயர் வைத்தார்கள். அந்த மரபணுவை அடக்கிய நெற்பயிரைப் பற்றி 2002இல் வந்த ஆய்வு உங்களுக்கு மிகவும் முக்கியமானது. அந்தப் பயிரின் மணிகளில் மாவுச்சத்து சேரவில்லை. உள்ளே தண்ணீராக இருந்தது, அந்தத் தண்ணீரில் சுக்ரோஸ் ஏராளமாக இருந்தது. சரக்கு வந்து இறங்கிவிட்டது, உடைக்க ஆள் இல்லை. எஸ்பிகே வந்து சுக்ரோஸ் சிந்தேஸின் மேல் பாஸ்பேட் ஏற்றினால்தான் உடைக்கும் வேலை சரியாக நடக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மணி பதராகப் போவதற்கு உழவர்கள் சொல்லும் காரணங்கள் பல: பூக்கும்போது மழை, தண்ணீர் பற்றாக்குறை, கதிர்நாவாய்ப்பூச்சி. இங்கே அவை எதுவும் இல்லாமல், ஒரே ஒரு கைனேஸ் அடங்கியதால் மணி கெட்டது.

இதை மட்டும் படித்தால் உங்கள் கருதுகோள் சரி என்றே தோன்றும். இப்போது இன்னொரு ஆய்வைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில், மேலே சொன்ன சிடிபிகே-2ஐ நெல்லில் மிகையாக வெளிப்படும்படி செய்தார்கள். இரண்டு விஷயம் நடந்தது. வெளிச்சம் பட்ட இலைகளில், மரபணுவை எவ்வளவு முடுக்கிவிட்டாலும் அந்தப் புரதம் தங்கவில்லை. ஒளி அதை அடக்கியது. விதைகளிலோ வளர்ச்சி ஆரம்பக் கட்டத்திலேயே நின்றுபோனது. அதே குடும்பத்து நொதி, அதே விதை. வேண்டாத வேளையில் கூடியது, மணி கெட்டது. ஹைதராபாத்தில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2015இல் வெளியிட்டது மூன்றாவது: சிபிகே-31 என்ற உறுப்பை (சிபிகே என்பதும் சிடிபிகேயின் பெயர்தான்) மிகைப்படுத்தியபோது மணி வழக்கத்தைவிட முன்னதாக நிரம்பியது. ஆக, அடக்கினால் கெட்டது ஒன்று, கூட்டினால் கெட்டது ஒன்று, கூட்டியதால் வேகம் பிடித்தது ஒன்று. ‘சிடிபிகே கூடினால் நல்லது’ என்ற வாக்கியத்துக்குள் இந்த மூன்றையும் எப்படி அடைப்பீர்கள்?

மக்காச்சோள இலையில் செய்த ஆய்வுகள் இன்னும் நுட்பமாகப் போகின்றன. அங்கே சுக்ரோஸ் சிந்தேஸில் பாஸ்பேட் ஏறும் இடங்கள் இரண்டு. 15ஆவது இடத்துச் செரினில் ஏறினால் உடைக்கும் திறன் கூடுகிறது. 170ஆவது இடத்துச் செரினில் ஏறினால், அந்த மூலக்கூறு சிதைக்கப்பட வேண்டியது என்ற அடையாளமாகிறது. இரண்டு இடத்திலும் பாஸ்பேட் ஏற்றக்கூடியவை சிடிபிகே வகை நொதிகளே. ஒரே கை வேலைக்கும் அனுப்புகிறது, வேலையை விட்டும் அனுப்புகிறது. மொத்த நொதிச் செயல்பாட்டை மட்டும் அளந்துவிட்டு, இந்த இரண்டில் எது நடந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முளைப்புக்கு வருவோம். தானியத்தின் மாவுப்பகுதியைச் சுற்றி அலுரோன் அடுக்கு இருக்கிறது. கருவில் இருந்து ஜிப்ரெலின் என்ற ஹார்மோன் வந்ததும் அந்த அடுக்கு ஆல்ஃபா அமைலேஸ் என்ற நொதியைச் சுரந்து மாவுச்சத்தைக் கரைக்கும். வாற்கோதுமையின் அலுரோன் செல்களில் ஜிப்ரெலின் சைட்டோசால் கால்சியத்தை ஏற்றும் என்றும், அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன் அதை இறக்கும் என்றும் 1992இல் காட்டினார்கள். உடனே, அமைலேஸ் மரபணுவைத் தட்டி எழுப்புவதும் சிடிபிகேதான் என்று நினைக்கத் தோன்றும். 2004இல் வாற்கோதுமையின் ஒரு சிடிபிகேயைச் சோதித்தபோது, அது கை வைத்த இடம் வாக்குவோல். ஜிப்ரெலினுக்குப் பிறகு செல்லுக்குள் சிறு வாக்குவோல்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகுமே, அந்த வேலையில்தான் அதன் பங்கு. மரபணுவை எழுப்ப வேறு வழி இருக்கிறது. இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: ஆல்ஃபா அமைலேஸ் குலையாமல் இருக்க அதன் உடலிலேயே கால்சியம் வேண்டும். அந்தக் கால்சியம் கட்டுமானப் பொருள், செய்தியோடு அதற்குச் சம்பந்தமில்லை.

நெல்லுக்கு மட்டும் ஒரு தனித் திறமை உண்டு. கோதுமையும் வாற்கோதுமையும் ஆக்சிஜன் இல்லாத தண்ணீருக்குள் முளைக்காது, நெல் முளைக்கும். மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரில் பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் வயல் எப்படி மூழ்கிக் கிடந்தது என்று உங்கள் மாமாவுக்கு நினைவிருக்கும். அப்படி மூழ்கிய விதைக்குள் வேலை செய்வது சிடிபிகேயின் உறவுக்காரர்களான சிபிஎல், சிஐபிகே என்ற ஜோடி. இதில் கால்சியத்தைப் பிடிக்கும் கையும் பாஸ்பேட் ஏற்றும் கையும் தனித்தனிப் புரதங்கள். ஆக்சிஜனும் சர்க்கரையும் குறைந்தால் சிஐபிகே-15 இன்னொரு கைனேஸைத் தூண்டி, அது வழியாக அமைலேஸ் மரபணுவை எழுப்பி, விதையின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது என்று 2009இல் தைவானில் இருந்து ஒரு ஆய்வு வந்தது. 2018இல் வந்த ஆய்வு அதைவிட ருசியானது: சிஐபிகே-15க்கு மேலே நிற்கும் சிபிஎல்-10 எந்த இரகங்களில் குறைவாக வெளிப்பட்டதோ, அவையே வெள்ளத்தில் நன்றாக முளைத்தன. கால்சியம் உணரும் புரதம் குறைந்தது, முளைப்பு கூடியது. உங்கள் கருதுகோளுக்கு இதுவும் ஒரு இடி.

உப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் உள்ளே வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. அங்கே வேரின் முதல் தற்காப்பே கால்சியம் செய்திதான். சிபிஎல்-4, சிஐபிகே-24 ஜோடி சேர்ந்து, சோடியத்தை வெளியே தள்ளும் சவ்வுப் புரதத்தை முடுக்குகிறது. நெல்லில் இது 2007இல் உறுதியானது. சிடிபிகேக்களில் சிடிபிகே-7ஐ மிகைப்படுத்திய நெல் குளிரையும் தாங்கியது, உப்பையும் வறட்சியையும் தாங்கியது. 2000இல் வந்த அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு: உப்பும் வறட்சியும் வந்தபோது சில தற்காப்பு மரபணுக்கள் அந்தப் பயிரில் கூடுதலாக விழித்தன, குளிரில் அவை அப்படி விழிக்கவில்லை. நொதி ஒன்று, அதற்குக் கீழே பாதை இரண்டு. சிபிகே-12 வேறு பாடம் சொல்கிறது. அதை மிகைப்படுத்திய நெல் உப்பை நன்றாகத் தாங்கியது, ஆனால் குலைநோய் என்ற பூஞ்சை நோய்க்கு எளிதில் இரையானது. உப்பு நிலத்தில் உதவியது பனிக்காலச் சம்பாவில் கவிழ்த்துவிடும் என்று பொருள். ‘ஒரு மரபணு போட்டால் போதும்’ என்ற பேச்சை நான் நம்பாததற்கு இந்த ஒரு ஆய்வே போதும்.

சரி, முட்டை ஓடு. அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலத்தன்மை இல்லாத மண்ணில் அது மிக மெதுவாகவே கரையும். நம் பக்கத்துக் கடினமான போர் தண்ணீரை ஊற்றும் தொட்டியில் கால்சியம் பற்றாக்குறை வருவதும் அரிது. அது கரைந்து வேருக்குள் போனாலும் நொதி கூடாது. செல்லின் வாசலில் கால்சியம் எப்போதும் மில்லிமோலார் அளவில் காத்துக்கொண்டிருக்கிறது. கதவு திறக்கிறதா என்பதுதான் கேள்வி. அதனால் அம்மாவிடம் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, நொதி கூடும் என்றும் சொல்ல வேண்டியதில்லை. வெளியில் இருக்கும் கால்சியத்துக்கு அதன் மதிப்பு உண்டு: செல்சுவரின் பெக்டினைப் பிணைக்கும், உப்பு மண்ணில் வேர் சோடியத்தைத் தவிர்த்துப் பொட்டாசியத்தை எடுக்க உதவும். சோடியம் ஏறிக் களர் ஆன நிலத்தில் ஜிப்சம் போடுவது, மண் துகளில் ஒட்டிய சோடியத்தைக் கால்சியத்தால் பெயர்த்தெடுக்க.

கேழ்வரகுக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. 100 கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம், அரிசியில் 10 மில்லிகிராமுக்குப் பக்கம். கால்சியம் பொதுவாக நீர் ஏறும் சைலத்தில்தான் ஓடும்; மணிக்குச் சர்க்கரை கொண்டுவரும் ஃபுளோயத்தில் மிகக் குறைவாகவே வரும். அதனால்தான் தானியங்களில் கால்சியம் குறைவு. கேழ்வரகு எப்படியோ இதை மீறி, குறிப்பாக விதையுறையில், சேர்த்து வைக்கிறது. பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தில் கால்சியம் அதிகமுள்ள இரகத்தையும் குறைவான இரகத்தையும் எடுத்து, வளரும் கதிர்களில் கால்மோடுலின், சிபிஎல், சிஐபிகே, சிடிபிகே மரபணுக்களை ஒப்பிட்டிருக்கிறார்கள். கால்சியத்தை ஏற்றி இறக்கும் பம்புகளையும் வாயில்களையும் இந்த உணரிகள் கட்டுப்படுத்தக்கூடும் என்பதால் அது நியாயமான தேடல். ஆனால் கூழில் நாம் குடிக்கும் கால்சியம் சேமிப்பில் இருந்த சரக்கு. சைட்டோசாலில் அது சுதந்திரமாக உலவினால் கேழ்வரகுச் செல்லே பிழைத்திருக்காது. சேமிப்பு அதிகம் என்பதை வைத்துச் செய்தியும் அதிகம் என்று கணக்குப் போட முடியாது.

இனி உங்கள் ஆய்வு. கருதுகோளை ஒரு நொதிக்கும் ஒரு கட்டத்துக்கும் சுருக்குங்கள்: ‘பால் பிடிக்கும் நாட்களில் எஸ்பிகே மரபணுவின் வெளிப்பாடும், அதே மணியின் சுக்ரோஸ், மாவுச்சத்து அளவும் ஒன்றையொன்று தொடர்கின்றனவா?’ இது எம்.எஸ்சி. காலத்துக்குள் முடியக்கூடியது. பூத்ததில் இருந்து 5, 10, 15, 20 நாள் என்று மாதிரி எடுங்கள். ‘கதிர் பூத்த நாள்’ என்று எழுதிவிடாதீர்கள். நெற்கதிர் மேலிருந்து கீழாகப் பூத்து முடிய ஒரு வாரம் வரை ஆகும். மேல் கிளை மணிகள் முதலில் நிரம்பும், அடிக் கிளை மணிகள் பிந்தும், பதராவதும் அவைதான். எல்லாவற்றையும் உருவி ஒரே குழாயில் போட்டால் வெவ்வேறு வயது மணிகளைக் கலந்து அளந்ததாகிவிடும். காலை 9 மணியில் இருந்து 11 வரை வயலில் இருந்து, அன்று வாய் திறந்த மணிகளுக்கு மட்டும் மையால் புள்ளி வையுங்கள்; மேல் கிளைக்கு ஒரு நிறம், அடிக் கிளைக்கு ஒரு நிறம். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நல்ல கட்டுரை ஆகும்.

நொதிச் செயல்பாட்டை, புரதங்களைப் பிரிக்கும் ஜெல்லுக்குள்ளேயே அளக்கும் முறைக்குக் கதிரியக்கப் பாஸ்பரஸ் வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாத ஆய்வகத்தில் அது நடக்காது. சிடிபிகேக்கு ஒரு வசதியான குணம் உண்டு. ஜெல்லில் கால்சியத்தோடு ஓட்டினால் வேகமாக நகரும், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏவோடு ஓட்டினால் பின்தங்கும். எதிர்ப்புரதம் கிடைத்தால் இதை வைத்தே ஆளை அடையாளம் காணலாம். பாஸ்பேட்டை உருவிவிடும் நொதிகளை அடக்கும் கலவையை அரைக்கும்போதே சேருங்கள். டபிள்யூ-7 என்ற மருந்தைப் போட்டு ‘இது கால்மோடுலின் வேலை’ என்று முடிவு கட்டாதீர்கள். சிடிபிகேயின் வாலும் கால்மோடுலின் மாதிரியே இருப்பதால் அந்த மருந்து இரண்டையும் அடக்கும். மரபணு வெளிப்பாடு கூடியதை நொதி வேலை கூடியதாக எழுதிவிடாதீர்கள். வெளிச்சத்தில் காணாமல் போன சிடிபிகே-2ஐ நினைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, மாதிரியைக் கொண்டுவரும் விஷயம். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரியில் இருந்து தண்டையார்பேட்டை வருவதற்குள், பறித்த மணியில் பாஸ்பேட் கணக்கு முழுக்க மாறிவிடும். காசிமேட்டில் மீனுக்குப் போடும் ஐஸ் இதற்குப் போதாது. பறித்த நிமிடமே திரவ நைட்ரஜனில் உறைய வேண்டும், அதைப் பயணிகள் ரயிலில் தூக்கிக்கொண்டு வரவும் கூடாது. ஆர்.என்.ஏ. காக்கும் திரவத்தில் போட்டுக் கொண்டுவந்தால் மரபணு வெளிப்பாட்டை மட்டும் பார்க்கலாம். புரதத்துக்கும் பாஸ்பேட்டுக்கும், மாமாவிடம் அதே இரக விதையை ஒரு கிலோ வாங்கி வந்து கல்லூரி மாடியில் தொட்டிகளில் நடுங்கள். கோ 51 போல 105 முதல் 110 நாளில் அறுவடைக்கு வரும் குறுவயது இரகமாக இருந்தால் நவரைப் பட்டத்தில் நட்டு, கோடை விடுமுறைக்குள் எல்லா மாதிரியையும் எடுத்துவிடலாம்.